செடிக்கு மருந்து என்று சொன்ன நாள்

போன மாதம் விவசாய ஆபீஸிலிருந்து ஒரு பிள்ளை என்னைப் பார்க்க வந்திருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண். பழைய ஆட்களிடம் நாலு விஷயம் கேட்டுக்கொண்டு வா என்று யாரோ அனுப்பியிருக்கிறார்கள். வாசலில் தொட்டியில் நிற்கிற ரோஜாவைப் பார்த்துவிட்டு, "இலை இவ்வளவு சுத்தமா இருக்கே, என்ன மருந்து சார் போடுறீங்க?" என்று கேட்டது.

"மருந்தெல்லாம் போடுவதில்லை. கந்தகப் பொடி தூவுகிறேன்" என்றேன்.

"அதுதானே சார் மருந்து?"

"இல்லை!" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "வந்த பிள்ளைகிட்டயும் ஆரம்பிச்சாச்சா? காப்பியாவது குடிக்கட்டும், விடுங்க" என்றாள்.

அந்தப் பிள்ளைக்கு எந்தப் பக்கம் வேலை என்று கேட்டேன். சிவகாசிப் பக்கமாம். அப்படியானால் இதை எழுதித்தான் ஆக வேண்டும். வேலை பார்த்த காலமெல்லாம் அந்தப் பக்கத்து மண்ணை மிதித்திருக்கிறேன். அதில் முதல் இரண்டு வருஷம் தவிர, செடி கொடியைப் பற்றிப் பேசும்போது "மருந்து" என்ற சொல் என் வாயிலிருந்து வந்தது கிடையாது. கிறுக்கன் என்று சொன்னவர்கள் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும்.

நான் பீல்டுமேனாகச் சேர்ந்தது ஐம்பதுகளின் பின்பாதியில். பயிற்சியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கோயம்புத்தூரில் சில மாதம் உட்கார வைத்து, பூசணம் என்றால் என்ன, பூச்சி என்றால் என்ன என்று கரும்பலகையில் படம் போட்டார்கள். அதில் பாதி மறந்துவிட்டது, ஹாஸ்டல் சாம்பார் மட்டும் மறக்கவில்லை. பிறகு விருதுநகரில், விதையும் உரமும் கொடுக்கிற கவர்மெண்ட் விவசாய டிப்போவில் வேலை. வத்தலும் பருப்பும் எள்ளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற ஊர். கடைத்தெருவில் தும்மாமல் நடந்துவிட்டால் அவனுக்கு மூக்கில் ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

டிப்போவுக்கு வருகிறவர்கள் மிளகாய்க்கு வருவார்கள், பருத்திக்கு வருவார்கள். பூச்செடி என்று யாராவது வந்தால் எனக்கு உள்ளுக்குள் ஓர் இளக்காரம். கொண்டையில் வைக்கிற சமாச்சாரத்துக்கு ஒரு கவர்மெண்ட் உத்தியோகஸ்தன் சைக்கிள் மிதிக்க வேண்டுமா என்று நினைப்பேன். இருபத்திரண்டு வயது. காக்கி கால்சட்டையும் கையில் ஒரு நோட்டும் இருந்தால் யாருக்குத்தான் திமிர் வராது?

எனக்கு மேலே இருந்தவர், தோட்டம் தோட்டமாகப் போய்ச் செய்துகாட்டுகிற டெமான்ஸ்ட்ரேட்டர் கோமதிநாயகம் சார். முப்பது வயதுதான் இருக்கும். ஒல்லியான ஆள். ஒரு கைலென்ஸைக் கறுப்பு நூலில் கட்டிச் சட்டைப் பித்தானில் மாட்டியிருப்பார். செடியைப் பார்த்தால் முதலில் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பார். அதன் பிறகுதான் செடியின் சொந்தக்காரரிடம், "சௌக்கியமா இருக்கீகளா?" என்று கேட்பார். ஏழு மணிக்கே டிப்போவைத் திறந்துவிடுவார். இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவரிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்று இருந்தது. எதைச் சொன்னாலும், "திருப்பிச் சொல்லு" என்பார்.

நான் அவரிடம் ஒன்று சொன்னால், "திருப்பிச் சொல்லு." அவர் என்னிடம் ஒன்று சொன்னால், "இப்ப நீ திருப்பிச் சொல்லு." தோட்டக்காரரிடம் ஒரு விவரம் சொல்லி முடித்தால், "நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க பாப்போம்" என்பார். சிவகாசியில் பிறந்து வளர்ந்தவர். சின்ன வயதில் பக்கத்தில் வெடி வெடித்து ஒரு காது போய்விட்டதாம். அதனால் டிப்போவில் அவருக்கு ரகசியப் பெயர் செவிட்டு சார். அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யார் என்று கேட்காதீர்கள். வெட்கமாக இருக்கிறது.

சேர்ந்த புதிதில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் குடியிருப்புக்குப் போனோம். அங்கே ரோஜா இலைகளில் கறுப்புப் பொட்டு விழுந்து, இலை பழுத்து உதிர்ந்துகொண்டிருந்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்துப் போர்டோ கலவை தயார் செய்ய வேண்டும். துத்தத்தை முதல் நாளே ஒரு மண்பானையில் ஊறவைத்து, சுண்ணாம்பை இன்னொரு பானையில் நீற்றி வடிகட்டி, மூன்றாவது பானையில் இரண்டையும் ஒரே நேரத்தில் ஊற்றிக் கலக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? மூன்று பானைக்கு எங்கே போவது என்று நர்ஸம்மாவின் இரும்பு வாளியில் கலக்கிவிட்டேன். வாளி அடியில் செம்பு படிந்து, கலவை திரிந்துபோய்விட்டது.

கோமதிநாயகம் சார் ஒரு வார்த்தை திட்டவில்லை. வாளியைக் கவிழ்க்கச் சொன்னார். மறுபடியும் முதலிலிருந்து செய்ய வைத்தார். கலந்து முடித்ததும் தீட்டின கத்தி ஒன்றை எடுத்து, "இதக் கலவைக்குள்ள விட்டு எடு. கத்தி சிவந்தா இலை கருகிரும், இன்னும் சுண்ணாம்பு வேணும். கத்தி வெள்ளையா வந்தா அடிக்கலாம். திருப்பிச் சொல்லு" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பிச் சொன்னேன். கத்தி வெள்ளையாகத்தான் வந்தது. அந்த மாதமே புதுத் துளிர் வந்து, நர்ஸம்மா ஒரு ரோஜாவை அவர் மேஜைக்குக் கொடுத்தனுப்பினார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை, அந்த வாளிக்காக.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஆனைக்குட்டத்தில் இப்போது அணை இருக்கிறது. அந்தக் காலத்தில் அணை கிடையாது. ஆற்று மணலும், கரையில் நாலைந்து கிணறும், கிணற்றைச் சுற்றிக் கொஞ்சம் பச்சையும் இருக்கும், அவ்வளவுதான். அங்கே மிக்கேல் என்று ஒருவர் பன்னீர் ரோஜாத் தோட்டம் வைத்திருந்தார். ஏழு வரிசைச் செடி. அந்தக் கரிசல் காட்டில் ரோஜா பூப்பதே அதிசயம். திருத்தங்கல், சிவகாசிக் கடைகளுக்கும், கோயில்களுக்கும், மாதா கோவிலுக்கும் அவருடைய பூதான் போகும்.

மிக்கேல் அதற்கு முன்னால் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவராக இருந்தார். ஒருநாள் அந்த அறையில் தீப்பிடித்தது. உயிர் தப்பியது, வலது கை போயிற்று. கை இருந்தது, ஆனால் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரு கரண்டி மாதிரி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்து, இடது கையால் தோட்டம் போட்டார். அவருடைய மனைவி சூசம்மா தண்ணீர் பாய்ச்சுவாள், பூப்பறிப்பாள்.

அந்த வருஷம் கார்த்திகை முடிகிற சமயம் அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. "செடியெல்லாம் சாம்பல் பூத்திருக்கிறது. உடனே வரவும்." கோமதிநாயகம் சாருக்கு அன்றைக்கு மதுரையில் மீட்டிங். "நீ போய்ப் பாத்துட்டு வா" என்று என்னை அனுப்பினார்.

போய்ப் பார்த்தால், சாம்பல் நோய்தான். பகலில் வெயில் காய்ந்து காலையில் பனி விழுகிற பருவத்தில் வருகிற பூசணம். இலைமேல் மாவு தெளித்த மாதிரி வெள்ளை. குருத்து இலை சுருண்டு நின்றது. மொட்டுகளின் கழுத்திலும் வெள்ளை ஏறியிருந்தது. அப்படி ஏறிய மொட்டு விரியாது. நான்கு வரிசை நன்றாகப் பிடித்துவிட்டது, மற்ற மூன்றிலும் அங்கங்கே ஆரம்பித்திருந்தது.

சூசம்மா என்னைச் செடிகளுக்கு நடுவிலேயே நிறுத்திச் சொன்னாள். "சார், பூ நின்னுபோச்சுன்னா நான் மருந்து ரூமுக்குத்தான் போகணும். பொங்கல் கழிஞ்ச திங்கக்கிழம வந்து சேந்துக்கிடச் சொல்லிப் போர்மேன் அண்ணாச்சி சொல்லிட்டாக. இவுக வேலை பாத்த அதே ரூமு சார்."

மிக்கேல் இந்தப் பேச்சைக் கேட்கப் பிடிக்காமல் வேறு பக்கம் பார்த்தார். பிறகு அந்தக் கரண்டிக் கையை என் முன்னால் நீட்டி, "இது ஒண்ணு போதும் சார் எங்க வீட்டுக்கு. தோட்டம் பொழச்சா இவ இங்கன நிப்பா. அம்புட்டுத்தான்" என்றார். சொல்லிவிட்டு விறுவிறென்று கிணற்றுப் பக்கம் போய்விட்டார்.

எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதை விட்டால் அடுத்தது சாயங்காலம்தான். ரோட்டோர டீக்கடையில் இரவல் வாங்கியிருந்த சைக்கிளில் ஒரு காலைப் போட்டுக்கொண்டே சூசம்மாவிடம் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது இன்றைக்கும் அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

"அக்கா, இதுக்குக் கெந்தக மருந்து தூவணும். டிப்போவுல இப்பம் இருப்பு இல்ல, வர ஒரு வாரம் ஆகும். உங்க பக்கத்துல இல்லாத கெந்தகமா? கம்பெனியில கேட்டா ஒரு டப்பா மருந்து குடுக்கமாட்டாகளா? வாங்கி, மெல்லிசுத் துணியில கட்டி, காலையில பனியோட செடிக்கு மேல பிடிச்சுக்கிட்டு ஒரு குச்சியால தட்டுங்க. நல்லாத் தட்டணும். அப்பத்தான் புகை மாதிரி இறங்கி இலையில ஒட்டும்."

"சரி சார்" என்றாள். முகம் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. நான் கவனிக்கவில்லை. வாசல் வரைக்கும் வந்து ஏதோ கேட்க வாயெடுத்தாள். "எல்லாம் சரியாயிரும்க்கா" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தேன். பஸ்ஸைப் பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம் வேறு.

மறுநாள் காலை ஏழு மணிக்கு டிப்போவில் கோமதிநாயகம் சார் கையில் டீயோடு உட்கார்ந்திருந்தார். நோய் விவரம் கேட்டார். சொன்னேன். "என்ன செய்யச் சொன்ன? அவுககிட்ட எப்படிச் சொன்னியோ அப்படியே திருப்பிச் சொல்லு" என்றார்.

எனக்கு எரிச்சல். இவருக்குக் காது கேட்காததற்கு நான் எத்தனை தடவை ஒப்பிக்க வேண்டும்? இருந்தாலும் ஒப்பித்தேன். பாதியில் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"பொடின்னு சொன்னியா, மருந்துன்னு சொன்னியா?"

"மருந்துன்னுதான் சார் சொன்னேன். ரெண்டும் ஒண்ணுதானே?"

"கம்பெனியில போயி மருந்து கேக்கச் சொன்னியா?"

"ஆமா சார்."

"ஏலே!" என்று எழுந்துவிட்டார். அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "சிவகாசியில நின்னுக்கிட்டு மருந்துன்னு சொன்னா என்னலே அர்த்தம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பக்கத்தில் மருந்து என்றால் வெடிக்குள் அடைக்கிற மருந்து. மருந்து அறை, மருந்து கலக்குகிறவர், மருந்துக் கை என்று அந்த ஊர் முழுக்க அந்தச் சொல்லுக்கு அந்த ஒரே அர்த்தம்தான். அதிலும் கந்தகம் இருக்கிறது. ஆனால் கந்தகம் மட்டுமா இருக்கிறது? வேறு உப்பும் கலந்திருக்கும். கலந்ததைத் தேய்த்தாலோ தட்டினாலோ போதும், பற்றிக்கொள்ளும். அதைத்தான் நான் துணியில் கட்டிக் குச்சியால் தட்டச் சொல்லியிருக்கிறேன். நல்லாத் தட்டணும் என்று வேறு சொல்லியிருக்கிறேன்!

டிப்போவைப் பூட்டக்கூட இல்லை. ஓடிப்போய்ப் பஸ் ஏறினோம். அவள் இன்றைக்குப் போய்க் கேட்டிருக்க மாட்டாள், கேட்டாலும் கொடுத்திருக்க மாட்டார்கள், மிக்கேல் அண்ணாச்சிதான் தெரிந்த ஆளாயிற்றே, அவர் பார்த்தால் விடமாட்டார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனைக்குட்டத்துக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கி, அதே டீக்கடைக்காரரிடம் சைக்கிளை இரவல் வாங்கி, சாரைப் பின்னால் உட்கார வைத்து மிதித்தேன்.

தோட்டத்தில் பனி இன்னும் முழுசாக விலகவில்லை. மூன்றாவது வரிசைக்கு நடுவில் சூசம்மா நின்றுகொண்டிருந்தாள். இடது கையில் துணி மூட்டை. வலது கையில் குச்சி.

நான் கத்தப் போனேன். கோமதிநாயகம் சார் என் வாயைப் பொத்திவிட்டார். பொத்தினபடியே, வாசலில் கோலம் போடுகிற பிள்ளையிடம் பேசுகிற மாதிரி அவ்வளவு மெதுவாகக் கூப்பிட்டார்.

"தாயி. நான் டிப்போவுல இருந்து வாரேன். குச்சியக் கீழ போட்டுருங்க. மூட்டை கையிலயே இருக்கட்டும். ஆட்டாதீக. அப்படியே நில்லுங்க."

அவள் திரும்பிப் பார்த்தாள். குச்சி விழுந்தது. மூட்டை ஆடியது.

"என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க தாயி" என்றார் சார்.

"ஆட்டாம... நிக்கச் சொன்னீக."

"அம்புட்டுத்தான். நீங்க நில்லுங்க, தம்பி தண்ணி கொண்டாருவான்."

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதும் மூட்டை ஆடுவது நின்றது. நான் கிணற்றடி வாளியில் தண்ணீரை எடுத்துக்கொண்டு போனேன். சார் அவள் கையின் கீழே வாளியைப் பிடித்து, பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்ட இறக்குகிற மாதிரி அந்த மூட்டையைத் தண்ணீருக்குள் இறக்கினார். அவள் காலடியில் இருந்த தகர டப்பாவில் மிச்சம் இருந்ததிலும் தண்ணீரை ஊற்றினார். சுத்தமான கந்தகம் எலுமிச்சம்பழ நிறத்தில் இருக்கும். இது அழுக்கும் சாம்பலுமாக இருந்தது. நனைந்து முடிந்ததும்தான் அவர் வேட்டி மண்ணில் புரள உட்கார்ந்தார்.

"ஏன்க்கா, இது வெடி மருந்துன்னு தெரியாதா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டேன். கேட்டது நான்தான். என்ன வாய் பாருங்கள் எனக்கு.

"தெரியும் சார்" என்றாள். "நீங்கதான மருந்துன்னு சொன்னீக. கவர்மெண்டு ஆளு சொல்லுதாகளே, செடிக்கு ஒண்ணும் செய்யாதாக்கும்னு நெனைச்சேன். பயந்துக்கிட்டேதான் தட்டுனேன். இவுக இருந்தா வீட்டுக்குள்ள விடமாட்டாக. அதான் இவுக பூக்கொண்டு போனதுக்குப் பெறவு எடுத்தேன். அந்த ரூமுக்குப் போகாம இருக்கணும்னா இத ஒரு நாளு தட்டுனா என்னன்னு..."

அந்த நேரத்தில் மிக்கேல் சைக்கிளில் வந்து இறங்கினார். வேலியைத் தாண்டவில்லை. அங்கேயே நின்று மூக்கை உறிஞ்சினார். "இந்த வாடை எப்படி இங்கன வந்துச்சு?" என்றார். சூசம்மா, "நாந்தான் அவசரப்பட்டு..." என்று ஆரம்பித்தாள். என்னை மாட்டிவிடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா மேல தப்பில்ல அண்ணாச்சி. மருந்துன்னு சொன்னது நான்" என்றேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் நல்லதாக இருந்திருக்கும். அவர் வந்து, கரண்டிக் கையால் சூசம்மாவின் இரண்டு கைகளையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். பிறகு என்னைப் பார்த்து, "சரி, செடியப் பாருங்க" என்றார்.

செய்தி போய், அந்தப் போர்மேனே வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். செடிக்கு என்று கேட்டதால், கவர்மெண்டில் சொல்லியிருக்கிறார்களே என்று எடுத்துக் கொடுத்துவிட்டாராம். நனைந்ததை எல்லாம் வாளியோடு பத்திரமாக எடுத்துக்கொண்டு போனார். காலி டப்பா மட்டும் அலசிக் கவிழ்த்தபடி கிணற்றடியில் கிடந்தது.

இனி செடிதான். கோமதிநாயகம் சார் அன்றைக்கே லென்ஸை எடுத்துக்கொண்டு ஏழு வரிசையையும் செடி செடியாகப் பார்த்தார். அந்தப் பொடி விழுந்தது மூன்றாவது வரிசையில் பாதி. பூவாளியால் அதன் மேல் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவினோம். மற்ற வரிசைகளில் சாம்பல் பிடித்த நுனியெல்லாம் கவாத்து செய்ய வேண்டும். மிக்கேல் இடது கையால் கத்தரியைப் பிடித்து வெட்டிய நேர்த்தியை இரண்டு கை உள்ள ஆளிடம் நான் பார்த்ததில்லை. துளிர் வெடிக்கிற கண்ணுக்கு மேலே, கொஞ்சம் சாய்வாக, ஒரே வெட்டு. வெட்டின கிளையையும் உதிர்ந்த இலையையும் நாங்கள் வழக்கமாகக் கொளுத்திவிடுவோம். பழக்க தோஷத்தில் நான் தீப்பெட்டியைத் தேடினேன். "லே, இன்னும் என்ன பாக்கி வச்சிருக்க நீ?" என்று சார் தலையில் அடித்துக்கொண்டார். குழி வெட்டிப் புதைத்தோம். அத்தனை நேரத்துக்கு அப்புறம் சூசம்மா முதல் தடவையாகச் சிரித்தாள்.

வடக்குப் பக்கம் தூசி வராமல் இருக்க மிக்கேல் ஓலைத் தட்டி அடைத்திருந்தார். அதனால்தான் காற்று நுழையாமல் வெள்ளை ஏறியிருக்கிறது என்று சார் அதைப் பிரிக்கச் சொன்னார். கந்தகத்துக்கு நான் விருதுநகர் முழுக்க அலைந்து, கடைசியில் ஒரு ராவுத்தர் கடையில் சுத்தமான கட்டிக் கந்தகம் வாங்கி, இடித்து, வேட்டித் துணியில் சலித்துக் கொண்டுபோனேன். சூசம்மாவிடம் கொடுத்து, "அக்கா, இந்த மஞ்சப் பொடிய..." என்று ஆரம்பித்தேன்.

"மஞ்சப் பொடிங்காத, குழம்புல போட்டுருவாக!" என்று பின்னாலிருந்து சார் குரல் கொடுத்தார். "கெந்தகப் பொடின்னு சொல்லு. மருந்தும் இல்ல, மஞ்சப் பொடியும் இல்ல. சொல்லிட்டுத் திருப்பிக் கேளு."

அன்றைக்கு நான் கேட்டேன். சூசம்மா சொன்னாள். பனி காய்வதற்கு முன்னால் தூவ வேண்டும். காற்று அடிக்கும்போது கூடாது. வெயில் ஏறிய பிறகு தூவினால் இலை வெந்துவிடும். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மறுபடியும் தூவ வேண்டும். ஒன்றைக்கூட விடவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில், மன்னிப்புக் கேட்கிற சாக்கில் சாரிடம், "உங்களுக்குக் காது கேக்காமத்தான் திருப்பிச் சொல்லச் சொல்லுதீகன்னு நெனைச்சேன் சார்" என்றேன்.

"இடது காதுதான்டே கேக்காது. நீ எப்பவும் வலது பக்கம்தான நிக்க? நீ சொன்னது எல்லாம் கேக்கும்" என்றார். லென்ஸைத் துடைத்துக்கொண்டே, "செவிட்டு சார்னு சொல்லுதது உட்பட" என்றார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன், விருதுநகர் வரைக்கும்.

மூன்றாவது வரிசைப் பாதி பிழைக்கவில்லை. இலை ஓரம் கருகி, நாலே நாளில் தண்டோடு காய்ந்துவிட்டது. மிக்கேலே அதைப் பிடுங்கிப் போட்டார். கிறிஸ்துமஸுக்கு இலேசாகப் பிடித்திருந்த மூன்று வரிசையிலிருந்து ஏதோ கொஞ்சம் பூ வந்தது. கவாத்து செய்த வரிசைகளோ குச்சி குச்சியாக நின்றன. நான் வாரத்துக்கு இரண்டு தடவை போய் வந்தேன். யாரும் போகச் சொல்லவில்லை. ஆபீஸ் டயரி எழுதும்போது வேறு ஏதாவது ஊர்ப் பெயரைப் போட்டுக்கொள்வேன். சார் கையெழுத்துப் போடுவார், ஒன்றும் கேட்கமாட்டார். மார்கழி பாதியில் குச்சிகளில் சிவப்பாகத் துளிர் வெடித்தது. ஒவ்வொரு துளிரையும் திருப்பி அடிப்பக்கம் பார்த்தேன். வெள்ளை இல்லை. ஆனாலும் துளிர் வேறு, பூ வேறு. பொங்கலுக்கு நாலு நாள் முந்தி நான் பார்த்தபோது மொட்டு பட்டாணி அளவுதான் இருந்தது. சாமி, சீக்கிரம் விரியச் செய்யப்பா என்று வேண்டிக்கொண்டேன், அப்படிப் பரீட்சைக்குக்கூட நான் வேண்டிக்கொண்டதில்லை.

பொங்கல் கழிந்த திங்கட்கிழமை. லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே சைக்கிளை எடுத்தேன். ஆனைக்குட்டத்துக்குத் திரும்புவதற்கு முன்னாலேயே, கம்பெனிக்குப் போகிற பெண்கள் தூக்குச் சட்டியோடு வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் சூசம்மாவைப் பார்த்தேன். தலை வாரி, நல்ல சேலை கட்டி, முந்தானைக்குள் எதையோ இடுக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள்.

"அக்கா! அக்கா!" என்று கூப்பிட்டேன். அவள் காதில் விழவில்லை. சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவள் கேட் வாசலுக்குப் போய்விட்டாள். அங்கே அந்தப் போர்மேன் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க சூசம்மா. நல்ல நேரத்துலதான் வந்திருக்கீக. உள்ள போயிப் பேரக் குடுங்க" என்றார்.

சூசம்மா முந்தானைக்குள்ளிருந்து அந்தத் தகர டப்பாவை எடுத்து நீட்டினாள். பளபளவென்று துலக்கியிருந்தது.

"வேலைக்கு வரல அண்ணாச்சி. டப்பாவக் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன். தோட்டத்துல முந்தாநாளுல இருந்து பூ பறிக்க ஆளு பத்தல. இவுக ஒத்தக் கைய வச்சுக்கிட்டு எம்புட்டுப் பறிப்பாக?"

நான் அங்கேயே நின்றுவிட்டேன். அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்று வந்தது. அவள் திரும்பினாள், என்னைப் பார்த்தாள். அதுவரைக்கும் என்னைச் சார் என்று கூப்பிட்டவள், "என்ன தம்பி, இப்படி ஓடியாந்திருக்கீக?" என்றாள்.

ஏதாவது சொல்ல வேண்டுமே. "அக்கா, நாளைக்குப் பன்னிரண்டாம் நாளு. மறுபடியும் தூவணும்" என்றேன்.

"எத?"

"அதான்க்கா, கெந்தகப் பொடி."

"சத்தமாச் சொல்லுங்க. முழுசாத் திருப்பிச் சொல்லுங்க பாப்போம்."

கேட்டுக்குள் போகிற பெண்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். சிரித்தார்கள். போர்மேன் டப்பாவைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார். காக்கி கால்சட்டை போட்ட கவர்மெண்ட் உத்தியோகஸ்தன், நடுரோட்டில் கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தேன். "கெந்தகப் பொடி. பனி காயுமுன்ன. காத்தில்லாதப்ப. வெயில் ஏறுமுன்ன நிறுத்திரணும்."

"மருந்துன்னு சொல்லுவீகளா?"

"சாகுமட்டும் சொல்லமாட்டேன்க்கா."

"அப்பச் சரி. வாங்க, நீங்களும் ரெண்டு கூடை பறிக்கலாம்" என்றாள். சங்கு ஊதியது. மற்றப் பெண்கள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டுக்குள் போனார்கள். சூசம்மா ஆனைக்குட்டத்துப் பக்கம் நடந்தாள். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவள் பின்னால் போனேன், பூப்பறிக்க.